வீட்டு நிகழ்வுகளைப் பதிய சிக்கன விலையில் ஒரு வீடியோ கேமரா: முதன்முறை வாங்குவோருக்கான வழிகாட்டி

வீட்டில் காதுகுத்து, மகளின் அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா, தாத்தாவின் சதாபிஷேகம் என்று ஒரு நாள் நெருங்கி வரும்போதுதான் நம்மில் பலருக்கு வீடியோ கேமரா வாங்கும் எண்ணம் பிறக்கிறது. ஆராய்ந்து பார்க்க நேரமில்லாததால், அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறோம். விழா முடிந்து தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கும்போதுதான் முகம் தெளிவாக இல்லை, பேச்சு கேட்கவில்லை, பாதியிலேயே பதிவு நின்றுவிட்டது என்பதெல்லாம் தெரிய வருகிறது. அந்த நாளை மறுபடியும் நடத்திப் பதிய முடியாது. முதன்முறையாகக் கேமரா வாங்கும் எவருக்கும் அந்த வருத்தம் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு சொல். இவ்வகைக் கேமராவுக்குப் பொதுப்பெயர் கேம்கார்டர். சோனி நிறுவனம் தன் தயாரிப்புகளுக்கு வைத்த ஹேண்டிகேம் என்ற பெயரே நம் ஊர்க் கடைகளில் எல்லா நிறுவனங்களின் கேமராவுக்கும் வழங்குகிறது. எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கடைக்காரர் அதே பொருளைத்தான் எடுத்துக் காட்டுவார்.

முதல் படி: எதை, எங்கே நின்று பதியப் போகிறீர்கள்?

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பதிய விரும்பும் நிகழ்வுகள் எவை, அவற்றில் நீங்கள் நிற்கக்கூடிய இடம் எவ்வளவு தொலைவில் இருக்கும், ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் பதிய வேண்டியிருக்கும். இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

குழந்தை தவழ்வதையும் பிறந்தநாளில் கேக் வெட்டுவதையும் பதிபவர் பத்தடிக்குள் நிற்கிறார். அவருக்குத் தேவை சிறிய அறைக்குள் எல்லோரையும் அடக்கும் அகலமான லென்ஸ். சபா அரங்கிலோ பள்ளி மைதானத்திலோ மகளின் நடனத்தைப் பதிபவர் அறுபது அடிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தேவை தொலைவை இழுத்துக் காட்டும் ஜூமும் இரண்டு மணி நேரம் தளராத பேட்டரியும். பாட்டி சொல்லும் கதைகளையும் பழைய பாடல்களையும் பதிந்து வைக்க நினைப்பவருக்குப் படத்தைவிட ஒலி முக்கியம். இந்த மூவரும் ஒரே கேமராவை வாங்கினால் குறைந்தது இருவருக்காவது அது பொருந்தாமல் போகும்.

இரண்டாம் படி: கைபேசி போதுமா என்று முதலில் பாருங்கள்

உங்களிடம் ஏற்கெனவே ஓரளவு நல்ல கைபேசி இருந்து, நீங்கள் பதியப்போவதெல்லாம் வீட்டுக்குள் நடக்கும் சிறு நிகழ்வுகள் என்றால், கேமரா வாங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். அருகிலிருந்து, மங்கலான வெளிச்சத்தில் எடுக்கும்போது, இன்றைய கைபேசி சிக்கன விலைக் கேம்கார்டரைவிடப் பெரும்பாலும் நல்ல படத்தையே தருகிறது. அந்தப் பணத்தில் ஒரு சிறிய மைக்கும் ஒரு டிரைபாடும் வாங்கிக்கொள்வது நல்ல செலவு.

கேம்கார்டரின் தேவை வேறு இடத்தில் இருக்கிறது. தொலைவிலிருந்து எடுக்கும்போதும், மணிக்கணக்கில் நிறுத்தாமல் எடுக்கும்போதும் கைபேசி திணறும். சூடாகும், இடம் நிரம்பும், நடுவில் அழைப்பு வரும். பழைய புகைப்படக் கேமராக்களிலும் பல 29 நிமிடம் 59 நொடியில் பதிவைத் தாமாகவே நிறுத்திவிடும். அரை மணிக்கு மேல் பதியும் கருவியை ஐரோப்பியச் சுங்க விதிகள் வீடியோ கேமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் வரி விதித்ததால், நிறுவனங்கள் இந்த எல்லையை வைத்தன. கேம்கார்டரில் அந்த எல்லை இல்லை. மெமரி கார்டும் பேட்டரியும் தாங்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் படி: ஜூம் எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வாங்குபவர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆப்டிகல் ஜூம் என்பது கண்ணாடி வில்லைகள் உள்ளுக்குள் நகர்ந்து, தொலைவில் இருப்பதை உண்மையாகவே பெரிதாக்கிக் காட்டுவது. டிஜிட்டல் ஜூம் என்பது கிடைத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து இழுத்துப் பெரிதாக்குவது. அதில் புதிய விவரம் எதுவும் கிடைக்காது. அட்டைப்பெட்டியில் ‘350 மடங்கு’, ‘1500 மடங்கு’ என்று பெரிய எழுத்தில் இருப்பது டிஜிட்டல் ஜூம். அதை முற்றிலுமாக மறந்துவிட்டு, ஆப்டிகல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

எவ்வளவு ஆப்டிகல் ஜூம் போதும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. கேமரா விவரத்தாளில் லென்ஸின் அகலம் ‘35 மி.மீ. சமமதிப்பு’ என்ற பெயரில் 28 மி.மீ., 40 மி.மீ. என்பது போலக் குறிக்கப்பட்டிருக்கும். எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும். பத்தடி தள்ளி நின்று எடுத்தால் 28 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ 13 அடி அகலமும், 40 மி.மீ. லென்ஸில் 9 அடி அகலமும் படத்தில் அடங்கும். நம் வீடுகளின் கூடங்களில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தும் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா வெட்டுப்படுவது இந்த வித்தியாசத்தால்தான்.

இப்போது மேடைக் கணக்கைப் பார்ப்போம். 28 மி.மீ.யில் தொடங்கும் லென்ஸை வைத்துக்கொண்டு 60 அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். நடனமாடும் பெண்ணின் உருவம் தலை முதல் கால்வரை படத்தை நிறைக்க ஏறத்தாழ 7 மடங்கு ஜூம் போதும். முகமும் தோளும் மட்டும் தெரியும்படி நெருக்கிக் காட்ட 25 மடங்கு வேண்டும். ஆகவே 20 முதல் 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் உள்ள கேமரா குடும்ப நிகழ்வுகள் அனைத்துக்கும் போதுமானது. 50 மடங்கு என்பது மைதானத்தின் மறுமுனையில் ஓடும் பிள்ளையைப் பிடிப்பவருக்கும் பறவை பார்ப்பவருக்கும் பயன்படும். அந்த அளவில் கையால் பிடித்து எடுக்கவே முடியாது.

என் அனுபவத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் அக்கா மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்காக இணையத்தில் ஒரு கேமராவை வாங்கினேன். ‘4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்’ என்று போட்டிருந்தது. கூடவே மைக், ரிமோட், லென்ஸ் மூடி எல்லாம் வந்தன. விலையோ பெயர் பெற்ற நிறுவனங்களின் கேமராவில் மூன்றில் ஒரு பங்கு. விழாவன்று அவள் மேடையேறியதும் ஜூம் பொத்தானை அழுத்தினேன். முகம் பெரிதாகப் பெரிதாக, கண்ணும் புருவமும் கரைந்து பழுப்பு நிறக் கட்டங்களாகிவிட்டன. அந்தக் கேமராவில் நகரும் லென்ஸே கிடையாது. உள்ளே இருந்த, ஒளியைப் படமாக மாற்றும் சிறிய சென்சாரின் படத்தைத்தான் மென்பொருள் ஊதிப் பெரிதாக்கி 4கே என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தது. அவள் ஆடிய கும்மியில் இன்று எங்களிடம் இருப்பது யாரென்று அடையாளம் தெரியாத ஓர் உருவம் மட்டுமே.

இத்தகைய கேமராக்கள் பல பெயர்களில் இன்றும் விற்கப்படுகின்றன. அவற்றை அடையாளம் காண்பது கடினமன்று. விவரப் பட்டியலில் ‘ஆப்டிகல் ஜூம்’ என்ற வரி இருக்காது. நடுக்கத்தைக் குறைக்கும் ஆப்டிகல் வசதி பற்றிய குறிப்பும் இருக்காது. சென்சாரின் அளவும் லென்ஸின் மி.மீ. மதிப்பும் சொல்லப்பட்டிருக்காது. மெகாபிக்சல் எண் மட்டும் வியப்பூட்டும் அளவுக்கு இருக்கும். முழு எச்டி வீடியோவின் ஒரு படச்சட்டத்தில் இருப்பது 1920 பெருக்கல் 1080 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் அல்லது 2 மெகாபிக்சல்தான். 4கே என்றால் 8.3 மெகாபிக்சல். அப்படியிருக்க, 48 மெகாபிக்சல் என்ற எண்ணுக்கு வீடியோ எடுப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை.

நான்காம் படி: வெளிச்சமும் 4கேயும்

சிக்கன விலைக் கேம்கார்டர்களில் சென்சார் மிகச் சிறியது. 1/5.8 அங்குலம் என்பது வழக்கமான அளவு. பகல் வெளிச்சத்தில் அது நல்ல படம் தரும்; ஒற்றை டியூப்லைட் எரியும் கூடத்தில் படம் முழுக்கப் புள்ளிகள் மிதக்கும். 1/2.3 அங்குலச் சென்சார் உள்ள மாதிரிகள் இதில் கணிசமாக மேம்பட்டவை. விலையும் அதற்கேற்ப ஏறும். மாலை விழாக்களையே பெரும்பாலும் பதிவீர்கள் என்றால், 4கேவுக்குக் கொடுக்கும் பணத்தைப் பெரிய சென்சாருக்குக் கொடுப்பது நல்லது.

4கே வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். முதல் கேமராவுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. 4கே பதிவு ஒரு மணிக்கு 45 ஜிபி வரை இடம் பிடிக்கும். அதை வெட்டி ஒட்டி முடிக்க வீட்டிலுள்ள பழைய கணினி திணறிவிடும். பிறகு அத்தனை பதிவையும் சேமித்து வைக்கத் தனியே ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும். நல்ல லென்ஸில் எடுத்த முழு எச்டி படம், மட்டமான லென்ஸில் எடுத்த 4கே படத்தைவிடத் தெளிவாக இருக்கும்.

ஐந்தாம் படி: ஒலியை மறந்துவிடாதீர்கள்

படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்த்துவிடலாம். பேச்சு கேட்காவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு மேல் எவரும் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் கேமரா வாங்கும்போது நூற்றில் ஒருவர்கூட ஒலியைப் பற்றிக் கேட்பதில்லை.

கேமராவின் உடலில் உள்ள மைக் தன்னைச் சுற்றி இருக்கும் எல்லாவற்றையும் கேட்கும். மேடைக்கு 60 அடி தள்ளி வைத்தால், பாடுபவரின் குரலைவிடப் பக்கத்து நாற்காலியில் முறுக்கு கடிக்கும் ஓசை தெளிவாகப் பதியும். ஜூம் செய்தால் படம்தான் அருகில் வருமே தவிர ஒலி வராது. ஆகவே வெளி மைக்கை இணைக்க 3.5 மி.மீ. துளை உள்ள கேமராவையே தேடுங்கள். கூடவே ஹெட்போன் துளையும் இருந்தால், பதிவாகும் ஒலியை அப்போதே கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

எங்கள் பாட்டி தாலாட்டுப் பாடல்களைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் பாடக்கூடியவர். ஒரு கோடை விடுமுறையில் திண்ணையில் அவரை உட்காரவைத்து, கேமராவை எதிரே வைத்துப் பதிந்தேன். புழுக்கமாக இருந்ததால் அவருக்காக ஒரு மேசை விசிறியை ஓடவிட்டிருந்தேன். விசிறி கேமராவிலிருந்து இரண்டடியில் இருந்தது. பாட்டி ஆறடியில் இருந்தார். பதிவில் அவருடைய உதடுகள் அசைகின்றன, விரல்கள் முழங்காலில் தாளம் போடுகின்றன, ஆனால் காதில் விழுவது விசிறியின் இரைச்சல்தான். அடுத்த கோடையில் அவர் இல்லை. சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்று அன்று அவருடைய சேலைத் தலைப்பில் இருந்திருந்தால் அந்தப் பாடல்கள் எங்களோடு இருந்திருக்கும். அந்த மைக்கின் விலை சில நூறு ரூபாய்தான். பெரியவர்களின் குரலைப் பதியப் போகும் எவரும் விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை அவர்களின் நெஞ்சருகே வைத்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மைக் துளை இல்லாத கேமராவே உங்கள் பட்ஜெட்டுக்குள் வருகிறது என்றால் அதற்கும் வழி உண்டு. கைபேசியை ஒலிப்பதிவு நிலையில் ஓடவிட்டு, விமானப் பயன்முறையில் வைத்துப் பேசுபவரின் அருகிலோ மேடை ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலோ வைத்துவிடுங்கள். பதிவின் தொடக்கத்தில் கேமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். பிறகு கணினியில், கைகள் சேரும் படத்தையும் கைதட்டல் ஒலியையும் ஒரே புள்ளியில் பொருத்திவிட்டால் இரண்டும் இணைந்துவிடும். கேமராவின் மைக்கில் பதிந்த ஒலியை வைத்துப் பொருத்த வேண்டாம்; 60 அடியைக் கடந்து வர ஒலிக்கு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரமாகும் என்பதால் உதட்டசைவு சற்றே விலகிவிடும். படத்தை வைத்தே பொருத்துங்கள்.

ஆறாம் படி: நடுக்கமும் டிரைபாடும்

ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் என்ற வசதி லென்ஸின் ஒரு பகுதியை அசைத்துக் கை நடுக்கத்தைச் சமன்செய்கிறது. மின்னணு முறையில் மட்டும் சமன்செய்யும் கேமராக்கள் படத்தின் ஓரங்களை வெட்டியே அதைச் செய்கின்றன. முன்னது இருக்கும் கேமராவையே வாங்குங்கள். ஆனாலும் 10 மடங்குக்கு மேல் ஜூம் செய்தால் எந்த வசதியும் கையைக் காப்பாற்றாது, டிரைபாட் வேண்டும்.

புகைப்படத்துக்கான உருண்டைத் தலை டிரைபாட் வீடியோவுக்கு உதவாது. நீண்ட கைப்பிடியும், திருப்பும்போது சிறிது எதிர்ப்புத் தரும் தலையும் உள்ள வீடியோ டிரைபாடைக் கேட்டு வாங்குங்கள். மலிவான டிரைபாட் திருப்பும்போது தடுக்கித் தடுக்கி நகர்ந்தால், கைப்பிடியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி அந்த வளையத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள்; அசைவு சீராகிவிடும். நடுத்தண்டின் கீழே பையைத் தொங்கவிட்டால் காற்றுக்கும் அசையாது.

உங்களிடம் 30,000 ரூபாய் இருக்கிறது என்றால் கேமராவுக்கு 22,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்காதீர்கள். மீதிப் பணம் டிரைபாடுக்கும் மைக்குக்கும் மெமரி கார்டுக்கும் இன்னொரு பேட்டரிக்கும் தேவைப்படும்.

ஏழாம் படி: எந்த மாதிரி?

கைபேசிகள் வந்த பிறகு சிக்கன விலையில் புதிய கேம்கார்டர் மாதிரிகள் வருவது அரிதாகிவிட்டது. ஆகவே பல ஆண்டுகளாக விற்பனையில் இருந்து, குறை நிறை தெளிவாகத் தெரிந்த சில மாதிரிகளே புதிதாகவோ பழையதாகவோ உங்கள் கைக்கு வரும்.

சோனி எச்டிஆர்-சிஎக்ஸ்405 மாதிரி 2015இல் வந்தது. 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், 26.8 மி.மீ. அகல லென்ஸ், ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன், முழு எச்டி. உள்ளங்கைக்குள் அடங்கும், யுஎஸ்பி வடம் கைப்பட்டியோடு இணைந்தே இருக்கும். வீட்டு அறைக்குள்ளும் மேடைக்கும் பொருந்தும் இதன் பெரிய குறை, மைக் துளை இல்லாததுதான். பானாசோனிக் எச்சி-வி180 மாதிரியில் ஜூம் 50 மடங்கு. லென்ஸ் 28 மி.மீ.; அதிலும் மைக் துளை இல்லை. கேனான் லெக்ரியா எச்எஃப் ஆர்806 மாதிரியில் 32 மடங்கு ஜூமோடு மைக், ஹெட்போன் துளைகள் இரண்டும் உண்டு. ஆனால் மற்ற இரண்டையும்விட லென்ஸின் அகலம் குறைவு என்பதால் சிறிய அறைகளில் சிரமப்படுவீர்கள். மேடை நிகழ்ச்சியும் ஒலியும் முக்கியம் என்பவருக்கு நான் கேனானைச் சொல்வேன். வீட்டுக்கும் விழாவுக்கும் ஒரே கேமரா வேண்டும் என்பவருக்குச் சோனியைச் சொல்வேன்.

இன்னும் சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால் பானாசோனிக் எச்சி-வி785 மாதிரியைத் தேடிப் பாருங்கள். 1/2.3 அங்குலச் சென்சார், 20 மடங்கு ஜூம், மைக் துளை ஆகிய மூன்றும் அதில் உண்டு. மாலை நேர நிகழ்வுகளுக்கு மேலே சொன்ன மூன்றையும்விட அது ஏற்றது.

எட்டாம் படி: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்களா?

அமெரிக்காவில் இருக்கும் மகனிடமோ மருமகளிடமோ சொல்லிக் கேமரா வரவழைக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இங்கே டியூப்லைட் நொடிக்கு 100 முறை மின்னி அணைகிறது. அமெரிக்காவில் விற்கும் கேம்கார்டர்கள் நொடிக்கு 60 அல்லது 30 படம் என்ற கணக்கில் பதிகின்றன. அங்குள்ள மின்சாரமும் 60 ஹெர்ட்ஸ். அந்தக் கேமராவை இங்கே டியூப்லைட்டின் கீழ் ஓட்டினால் படம் துடித்துக்கொண்டே இருக்கும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று நாமே நிலைநிறுத்தினால் துடிப்பு அடங்கும். ஆனால் சிக்கன விலைக் கேமராக்கள் பலவற்றில் அந்த வசதியே இருக்காது. சிங்கப்பூர், துபாய், ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகிய இடங்களில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கிருந்து வருபவற்றில் இந்தத் தொல்லை வராது. ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்காகச் செய்த கேமராக்கள் சிலவற்றில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழியில் திரையின் மெனு வராது. எங்கே வாங்கினாலும், உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: பழைய கேமரா வாங்குவோருக்கு

நல்ல நிறுவனத்தின் பழைய கேமரா, பெயர் தெரியாத புதிய கேமராவைவிட மேலானது என்று உறுதியாக நம்புகிறேன். பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது மிக இயல்பு. கேமராவை அணைத்துவிட்டு, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி வலை போலவோ பஞ்சு இழை போலவோ ஏதேனும் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அடுத்து, திரையைப் பலமுறை திறந்து மூடிச் சுழற்றுங்கள். கீலுக்குள் ஓடும் மெல்லிய வடம் நைந்திருந்தால் ஏதாவது ஒரு கோணத்தில் படம் மறையும். லென்ஸை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் பதிந்து பார்த்தால், வெள்ளையாகவோ சிவப்பாகவோ நிலைத்து நிற்கும் புள்ளிகள் சென்சாரின் பழுதைக் காட்டிக்கொடுக்கும். பேட்டரி வீங்கியிருக்கிறதா, அதே பேட்டரி இன்னும் கடைகளில் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேசட் போடும் கேமராக்களை வாங்க வேண்டாம். 1995இல் அறிமுகமாகிப் பதினைந்து ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த மினிடிவி கேசட்டை இன்று கணினிக்கு மாற்றுவதற்கே ஃபயர்வயர் துளை உள்ள கணினியைத் தேடி அலைய வேண்டும். வீட்டுப் பரணில் பழைய மினிடிவி கேசட்டுகள் கிடந்தால் மட்டும், அவற்றைக் காப்பாற்றுவதற்காக அத்தகைய கேமரா ஒன்றைத் தேடலாம். அப்படிச் செய்வதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், கேசட்டின் நாடா ஆண்டுக்கு ஆண்டு நலிந்துகொண்டே வருகிறது.

பத்தாம் படி: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

உங்கள் மெமரி கார்டையே கடைக்குக் கொண்டுபோங்கள். கேமராவை வாங்கி முதலில் வலது கையைப் பட்டிக்குள் நுழைத்துப் பிடியுங்கள். ஜூம் பொத்தான் ஆள்காட்டி விரலுக்கும் பதிவுப் பொத்தான் கட்டைவிரலுக்கும் எட்ட வேண்டும். அனுமதி கேட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வாருங்கள். தெருவின் எதிர்ப்புறம் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையைக் குறிவைத்துப் பதிவைத் தொடங்கி, பொத்தானை மிக மெதுவாக அழுத்திக் கடைசிவரை ஜூம் செய்யுங்கள். நல்ல கேமராவில் அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் மாறும். எழுத்துகள் ஒரு நொடி மங்கினாலும் உடனே மீண்டும் கூர்மையடையும். நடுவே ஒரு பேருந்து குறுக்கே போனால் இன்னும் நல்லது; அது கடந்த பிறகு ஃபோகஸ் பெயர்ப்பலகைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்.

பிறகு கடைக்குள் வந்து, மேசைக்கு அடியில் இருக்கும் இருட்டான மூலையைப் பதியுங்கள். உடன் வந்தவரைப் பத்தடி தள்ளி நிற்கவைத்து இயல்பான குரலில் பேசச் சொல்லிப் பதியுங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும்; அங்கே முடிவு செய்யாதீர்கள். கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் போய் வாங்குங்கள். அந்த ஒரு நாள் காத்திருப்புக்கு மறுக்கும் கடையைவிட்டு வேறு கடைக்குப் போவது நல்லது.

பதினோராம் படி: மெமரி கார்டும் முதல் வாரமும்

கேமரா எந்த வேகத்தில் எழுதுகிறது என்பதை வைத்தே கார்டின் அளவைக் கணக்கிட வேண்டும். நொடிக்கு 28 மெகாபிட் என்றால் மணிக்கு 12.6 ஜிபி, 50 மெகாபிட் என்றால் 22.5 ஜிபி. அதாவது 64 ஜிபி கார்டில் முதலாவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரமும் இரண்டாவதற்கு இரண்டே முக்கால் மணி நேரமும் பதியலாம். முழு எச்டிக்கு ‘கிளாஸ் 10’ கார்டு போதும்; 4கே என்றால் வட்டத்துக்குள் 10 என்பதோடு ‘யு3’ அல்லது ‘வி30’ குறியும் இருக்க வேண்டும். கேமராவின் கையேட்டில் எந்த வகைக் கார்டு என்று குறிப்பிட்டிருப்பார்கள், அதையே வாங்குங்கள்.

போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய உண்டு. 128 ஜிபி என்று காட்டிக்கொண்டு உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்கும் கார்டு, அந்த அளவைத் தாண்டியதும் எழுதியதாகப் பாவனை செய்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து திறந்தால் கோப்பு திறக்காது. ஆகவே கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், சுவரைப் பார்க்கவாவது கேமராவை வைத்துக் கார்டு நிரம்பும்வரை ஒருமுறை பதியுங்கள். கார்டும் சோதிக்கப்பட்டுவிடும், பேட்டரி உண்மையில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

பதிந்ததைக் கணினிக்கு மாற்றும்போது கார்டில் உள்ள முழு அடைவையும் அப்படியே நகலெடுங்கள். பல கேமராக்கள் நீண்ட பதிவை 4 ஜிபி துண்டுகளாக உடைத்து எழுதுகின்றன. கண்ணில் படும் கோப்பை மட்டும் இழுத்துப் போட்டால் நடுவில் ஒரு துண்டு விடுபட்டுப்போகும். இரண்டு வேறு இடங்களில் நகல் இருப்பதை உறுதிசெய்யாமல் கார்டை அழிக்கக் கூடாது. கேமராவை வைக்கும் பெட்டியில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து ஓட்டுங்கள்.

ஒவ்வொரு பதிவையும் தொடங்கும்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து நீங்களே தேதி, ஊர், படத்தில் இருப்பவர்களின் பெயர், அவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்பதைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போகலாம், கேமராவின் கடிகாரம் தவறாக இருக்கலாம். பதிவுக்குள்ளேயே இருக்கும் உங்கள் குரல் அந்தப் பதிவோடுதான் போகும்.